நான் மாற்றி எழுதிய இரண்டு எண்கள்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குக் கருவிகளைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் ஓய்வு பெற்றபின் வந்த கருவிகளின் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. எனக்கு நன்றாகத் தெரிந்தது குழப்பம். சாப்பாட்டிலும் புகையிலும் எவ்வளவு காரீயம், எவ்வளவு காட்மியம் மனிதர் உடம்புக்குள் போகிறது என்று அளக்கும் வேலையில் இருபத்தெட்டு வருடம் இருந்தேன். பாதி நாள் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அதைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே இந்தத் தொழிலில் பாதி என்று இப்போது தோன்றுகிறது. ஒரே ஒரு முறை பொறுக்கமுடியாமல் குழப்பத்தை நானே தீர்த்துவைத்தேன். அதனால் ஒருவருடைய வயிற்றைக் கிழித்தார்கள்.

இரண்டாயிரத்துப் பத்தாம் வருடம் அது. ஒரகடம் பக்கம் எங்கு பார்த்தாலும் புது ஆலைகளின் சுற்றுச்சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் ஆய்வு கேட்பதற்கு எளிமையானது. அந்தப் பகுதி மக்கள் சாப்பிடுவதையும் புகைப்பதையும் அளப்பது, இரத்தம் எடுத்துப் பார்ப்பது, ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை அதையே செய்வது. சில கிராமத்துக் குடும்பங்களோடு ஒரு சிறிய ஆலையின் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொண்டோம். பேட்டரிக்குள் வைக்கும் காரீய உருப்படிகளை வார்க்கும் ஆலை. அதன் மேலாளர் எங்களை உள்ளே விட ஒரு நிபந்தனை போட்டார். சாப்பாடு, சிகரெட் இரண்டைப் பற்றித்தான் கேட்கலாம், வேலையைப் பற்றிக் கேட்கக்கூடாது. உள்ளே இருக்கும் காற்றை அவர்களே அளந்து வைத்திருப்பதாகவும், எல்லாம் வரம்புக்குள் இருப்பதாகவும் சொன்னார். எங்கள் தலைவர் ஒப்புக்கொண்டார். கதவு திறந்தால் போதும் என்ற நிலையில் இருந்தோம். தொழிலாளர்களின் பெயர்ப்பட்டியலை மேலாளரே கொடுத்தார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எந்தப் பிரிவு என்று இருந்தது. அதைப் பார்த்துப் படிவத்தில் எழுதிக்கொண்டேன்.

அந்தப் பட்டியலில் இருந்த இரண்டு பேரைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும்.

ஒருவர் ஏழுமலை. நாற்பத்தைந்து வயது இருக்கும். வல்லக்கோட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரர், நெல் விளைத்த குடும்பம். வார்த்து வரும் உருப்படிகளின் பிசிறை அரத்தால் தேய்த்து எடுக்கும் மேஜையில் நிற்பவர். முதல் முறை அவர் வீட்டுக்குப் போனபோது ஒரு நாளைக்கு இரண்டு சிகரெட் என்றார். ஆலைக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரரோ ஒரு பாக்கெட் போதாது என்றார். மறுநாள் ஏழுமலையிடமே கேட்டேன். “ஊட்டுக்காரி பக்கத்துல நின்னுகினு இருந்தா மேடம், நான் இன்னான்னு சொல்றது?” என்றார். அன்றிலிருந்து சிகரெட் கேள்வியை வீட்டுக்கு வெளியே வைத்துத்தான் கேட்டேன்.

இன்னொருவர் செல்லப்பாண்டி. சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், இருபத்து நான்கு வயது. பென்னலூரில் நான்கு பேர் சேர்ந்து எடுத்த அறையில் இருந்தார். ஆலையில் பேக்கிங். சிகரெட், வெற்றிலை எதுவும் கிடையாது. அவர்கள் சாப்பிடும் ஒவ்வொன்றிலும் அதே அளவு இன்னொரு பங்கை எங்கள் டப்பாவில் போட்டுத் தரச்சொல்லியிருந்தோம். மூன்று நாளும் டப்பாவில் கோழிக்குழம்பு வந்தது. தினமும் இதையா சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் நால்வரும் சிரித்தார்கள். மற்ற நாளில் புளிச்சோறும் ஊறுகாயும்தானாம். வெறும் சோற்றை அக்கா உங்களுக்கு எப்படிக் கொடுப்பது என்று செல்லப்பாண்டி கேட்டார். அந்த மூன்று டப்பாவையும் தள்ளிவைத்துவிட்டு, நான்கு வாரம் கழித்துச் சொல்லாமல் போய்ப் புளிச்சோற்றை வாங்கி வந்தேன்.

முதல் சுற்று இரத்தம் வந்தது. ஏழுமலைக்குக் காரீயம் அதிகம், செல்லப்பாண்டிக்குக் குறைவு. மற்றவர்களிடமும் அதே மாதிரிதான். புகைப்பவர்களுக்கு ஏறியிருந்தது, புகைக்காதவர்களுக்கு இல்லை. மேலாளருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஆலைக்குள் சிகரெட்டின் தீமை பற்றி ஒரு பதாகை கட்டிவிட்டார். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது, ஏனென்றால் அவர்கள் வாங்கும் அதே சிகரெட்டைச் சோதித்தபோது அதில் அவ்வளவு காரீயம் இல்லை. சாப்பாட்டு டப்பாக்களும் சுத்தம். அப்படியானால் ஏழுமலைக்குள் இருக்கும் காரீயம் எங்கிருந்து வந்தது? தெரியவில்லை. இரண்டாம் சுற்றில் தெளிவாகும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் சுற்றில் தலைகீழாயிற்று. ஏழுமலையின் எண் நன்றாக இறங்கியிருந்தது. செல்லப்பாண்டியின் எண் பயப்படும் அளவுக்கு ஏறியிருந்தது. மற்ற எல்லோரும் ஏறக்குறைய பழைய இடத்திலேயே இருந்தார்கள். ஆய்வகம் அதே குழாய்களைத் திரும்பச் சோதித்து அதே விடையைத் தந்தது. ஒரு பாக்கெட் ஊதுகிறவருக்கு இறங்குமாம், சிகரெட்டையே தொடாதவருக்கு ஏறுமாம்.

இரத்தம் எடுத்த நாளை நினைத்துப் பார்த்தேன். ஆலையின் சிறிய அலுவலக அறை, ஜன்னல் கிடையாது. நடுவில் கரண்ட் போயிற்று. இருட்டில் யாரோ மேஜையில் இடித்துத் தட்டிலிருந்து இரண்டு குழாய்கள் உருண்டன. நான்தான் பிடித்தேன். பெயர்ச்சீட்டை அதற்கு முன்பு ஒட்டினேனா, பின்பு ஒட்டினேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அந்த இரண்டும் இவர்களுடைய குழாய்கள்தானா என்றும் தெரியாது. ஆனால் அப்படி இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிட்டது. சீட்டு மாறிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு எண்களை இடம் மாற்றினால் முதல் சுற்றும் இரண்டாம் சுற்றும் கையைக் கோத்துக்கொள்ளும்.

அறிக்கை திங்கட்கிழமை போகவேண்டும். தலைவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், இன்னொரு முறை இரத்தம் எடுக்கமுடியுமா என்று கேட்டார். மேலாளரிடம் திரும்ப அனுமதி வாங்க ஒரு வாரமாகும் என்றேன். அந்த இரண்டு பேரையும் கணக்கிலிருந்து அடித்துவிடலாமா என்றார். ஏற்கெனவே ஆட்கள் குறைவு என்றேன். நான் எண்களை இடம் மாற்றி எழுதிய தாளில் அவர் கையெழுத்துப் போட்டார். அந்தப் பேச்சு மூன்று நிமிடம்கூட இருக்காது.

ஒன்று சொல்கிறேன். அந்த ஆலையில் ஒவ்வொருவர் கழுத்திலும் அடையாள அட்டை தொங்கும். அதில் இரத்த வகை அச்சிட்டிருக்கும், இவர்கள் இருவருக்கும் வேறு வேறு வகை. குழாயில் மீதமிருந்த இரத்தத்தின் வகையைப் பார்த்திருந்தால் எது யாருடையது என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குப் பிடித்த விடை ஏற்கெனவே கையில் இருந்தது.

தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தோம். ஏழுமலையின் சீட்டில், உங்கள் இரத்தத்தில் காரீயம் கூடியிருக்கிறது, மருத்துவரைப் பாருங்கள் என்று எழுதினேன். செல்லப்பாண்டியின் சீட்டில், கவலைப்பட ஒன்றுமில்லை என்று எழுதினேன். இரண்டும் என் கையெழுத்துதான்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஏழுமலை வேலைக்கு வருவதில்லை என்று டீக்கடைக்காரர் சொன்னார். அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். ஏழுமலை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சீட்டைப் பார்த்ததிலிருந்து பயம் என்றார். சிகரெட்டை ஒரேயடியாக விட்டுவிட்டாராம். சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று வீட்டோடு இருக்கிறாராம். மனைவி வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார். பிறகு அவரே கேட்டார்.

“எனக்கு ஒண்ணு மட்டும் பிரியல மேடம். மொத தபா நீங்க சொன்னதுமே சிகரெட்ட பாதியா கொறச்சிட்டேன். அந்த மேஜைய வுட்டும் வந்துட்டேன். அப்பறம் எப்டி ஏறும்?”

எந்த மேஜை என்று கேட்டேன்.

“அரம் போடற மேஜதான். முதுகு புட்ச்சிகினு நிக்க முடில. உங்க மொத ரத்தம் எடுத்த அடுத்த வாரமே என்ன பேக்கிங்குக்கு மாத்திட்டாங்கோ. என் எடத்துல செல்லப்பாண்டி நின்னான். பாவம், அவனுக்கு வவுத்துல ஆப்ரேசன் பண்ணிக்கீறாங்கோ.”

 குழாய்கள் மாறவே இல்லை. ஆட்கள்தான் இடம் மாறியிருந்தார்கள். இரண்டாம் சுற்றிலும் பிரிவு என்ற இடத்தில் பழைய பட்டியலைப் பார்த்தே எழுதியிருந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பது நிபந்தனை, கேட்கவேண்டும் என்ற எண்ணமும் எனக்கு வரவில்லை. முதல் சுற்றில் புகைக்கும் ஆட்களுக்கெல்லாம் ஏன் ஏறியிருந்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது. அரம் போடும் மேஜையில் நின்றவர்கள் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள், வயதில் மூத்தவர்கள், சிகரெட் பிடிப்பவர்கள். தெற்கிலிருந்து வந்த இளைஞர்கள் பேக்கிங்கில் இருந்தார்கள். நாங்கள் சிகரெட் என்று நினைத்து மேஜையை அளந்துகொண்டிருந்தோம்.

அங்கிருந்து நேராகப் பென்னலூர் போனேன். வழி முழுக்க, இல்லை, பெயர்ச்சீட்டு மாறியதுதான் உண்மையாக இருக்கும் என்று இன்னொரு பக்கம் மனம் சொல்லிக்கொண்டே வந்தது. செல்லப்பாண்டி அறையில் பாயில் படுத்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். வேண்டாம் என்றேன். ஒரு மாதமாக வயிற்றைப் பிசைந்து பிசைந்து வலித்ததாம். மலச்சிக்கல், சாப்பிட முடியவில்லை. ஒரு நாள் சுருண்டு விழுந்ததும் நண்பர்கள் மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். அங்கிருந்த மருத்துவர் எங்கே வேலை என்று கேட்டிருக்கிறார். இவர் சொன்னதும், இரத்தத்தில் லெட், அதாவது காரீயம், இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்று எழுதப் போனாராம். செல்லப்பாண்டி என் சீட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதைப் பார்த்ததும் மருத்துவர் அந்த யோசனையை விட்டுவிட்டார். குடல்வால் என்று முடிவு செய்து அறுத்தார்கள். எடுத்த குடல்வால் நன்றாகவே இருந்தது. பத்து நாளில் வலி திரும்பி வந்துவிட்டது.

மறுநாள் அவரை நகரத்துக்கு அழைத்துப்போய் இரத்தம் கொடுக்கச் செய்தேன். இந்த முறை பெயரை அவர் வாயால் சொல்லச்சொல்லி, அவர் கண் முன்னாலேயே சீட்டு ஒட்டினேன். எண் வந்தது. இரண்டாம் சுற்றில் ஆய்வகம் கொடுத்ததைவிட அதிகம். அன்றே மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள். உடம்பிலிருந்து காரீயத்தை வெளியேற்றும் மருந்து கொடுத்தார்கள்.

தலைவர் முன்னால் புது எண் வந்த தாளை வைத்தேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு, கையெழுத்து என்னுடையது, கடிதத்தை நான் எழுதுகிறேன், ஆனால் அந்த ஆளிடம் நீங்கள்தான் சொல்லவேண்டும் என்றார். அறிக்கையிலிருந்து அந்த ஆலையின் பகுதி முழுவதையும் திரும்பப் பெற்றுக்கொள்வதாகக் கடிதம் போயிற்று. காரணத்தையும் எழுதினார். அடுத்த நாளே மேலாளர் எங்களை உள்ளே விடக்கூடாது என்று காவலாளியிடம் சொல்லிவிட்டார்.

செல்லப்பாண்டியிடம் சொல்ல மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். தினமும் போவேன், இட்லி வாங்கிக் கொடுப்பேன், திரும்பி வந்துவிடுவேன். மூன்றாம் நாள் வலி குறைந்து அவர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். உங்கள் எண்ணை ஏழுமலைக்கும் அவருடையதை உங்களுக்கும் நான்தான் மாற்றி எழுதினேன், என் சீட்டை நம்பித்தான் அந்த டாக்டர் உங்கள் வயிற்றை அறுத்தார் என்று சொன்னேன். அவர் கையில் இருந்த இட்லியைத் தட்டில் வைத்தார். சட்டைக்கு மேலேயே தையல் போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தார்.

“அப்பம் என் குடல்ல ஒண்ணுமே இல்லியாக்கா?”

இல்லை என்றேன். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபம் வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் ஏதோ கணக்குப் போடுவதுபோல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

“இப்பம் அந்த மேஜையில யாரு நிக்கான்னு தெரியுமாக்கா?”

எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வி எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தோன்றவில்லை. எண்ணைத் திருத்தினோம், அறிக்கையைத் திரும்பப் பெற்றோம், மன்னிப்புக் கேட்டோம். அந்த இடம் காலியாகவா இருக்கும் என்று அறுபட்ட வயிற்றோடு கிடந்த ஆள் கேட்கவேண்டியிருந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டப்பா சுத்தம், சிகரெட் சுத்தம், அப்புறம் எப்படி உள்ளே போயிற்று என்ற குழப்பம் எங்களுக்கு இன்னும் இருந்தது. உள்ளே எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று செல்லப்பாண்டியிடம் கேட்டேன். சாப்பாட்டுக்கு இருபது நிமிடம், முப்பது பேருக்கு ஒரு தண்ணீர்க் குழாய், சோப்பு கிடையாது. பேண்டில் கையைத் துடைத்துக்கொண்டு மேஜைப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். எங்களுக்குக் கொடுத்த பங்கு, அவர்கள் கை வைப்பதற்கு முன்பே கரண்டியால் அள்ளிப்போட்ட பங்கு. சோற்றை அளந்தோம், வாய்க்குப் போன கவளத்தை அளக்கவில்லை. ஏழுமலை பேசி, மேஜையில் நிற்கும் மூன்று பேரைப் பாதி சாப்பிட்ட டிபன் பாக்ஸோடு டீக்கடைக்கு அழைத்து வந்தார். அவர்கள் சாப்பாடு அவர்களுடையது, அதற்கு மேலாளர் அனுமதி தேவைப்படவில்லை. அந்த மிச்சச் சோற்றில் காரீயம் இருந்தது. அதே வீட்டில் அதே பானையிலிருந்து எடுத்த சோற்றில் இல்லை. விரலிடுக்கில் பிடித்து ஊதிய சிகரெட்டின் அடிப்பகுதியிலும் இருந்தது. எங்கள் கடிதத்தோடு அரசு ஆய்வாளர் வந்து பார்த்தார். ஆலையில் கை கழுவும் தொட்டியும் சாப்பிடத் தனிக் கொட்டகையும் வந்தன. மேஜைக்கு மேல் தூசியை இழுக்கும் குழாயும் பிறகு வந்தது. ஏழுமலை பேக்கிங்கில் தொடர்ந்தார். செல்லப்பாண்டி அந்த ஆலைக்குத் திரும்பவில்லை. படப்பை பக்கம் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். என்னிடம் பேசுவதை அவர் நிறுத்தவில்லை. மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது, நானும் கேட்டதில்லை.

எவ்வளவு கையால் போயிற்று, எவ்வளவு மூச்சால் போயிற்று என்று கேட்டால் இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்லமுடியாது. காற்று வரம்புக்குள் இருப்பதாக மேலாளர் காட்டிய தாள் உண்மையா என்பதும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று எழுதிவையுங்கள். ஒத்துப்போகாத எண் வந்தால், அந்த எண்ணுக்குரிய ஆளை முதலில் போய்ப் பாருங்கள். உங்கள் தாளில் அவர் ஒரு வரி. அங்கே அவருக்கு முதுகு வலிக்கும், இடம் மாறுவார், மனைவி பக்கத்தில் நின்றால் பொய் சொல்வார், உங்களுக்காகக் கோழி சமைப்பார்.

செல்லப்பாண்டி அந்தக் கேள்வியைக் கேட்ட மறுநாள், ஷிப்ட் முடியும் நேரத்தில் ஆலை வாசலுக்கு எதிரே போய் நின்றேன். மதியம் மூன்று மணி வெயில். காவலாளி என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சீட்டு தப்பு என்று நான் சொன்னபின் வேலைக்குத் திரும்பியிருந்த ஏழுமலை வெளியே வந்து, இப்போது அந்த மேஜையில் நிற்பவர் என்று ஒருவரைக் கை காட்டினார். முப்பது வயது இருக்கும், ராமநாதபுரத்துப் பக்கம், சேர்ந்து பதினொரு நாள் ஆகிறதாம். அவர் டீக்கடைக்கு வந்து ஒரு வடையை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார். நகக்கண்ணெல்லாம் சாம்பல் நிறம். அவரிடம் இரத்தம் எடுக்க எனக்கு அனுமதி இல்லை, படிவம் இல்லை. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு சோப்பு வாங்கி அவர் கையில் கொடுத்து, கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள், தினமும் இப்படியே செய்யுங்கள் என்றேன்.

அவர் சோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சோப்பு சாம்பிள் குடுக்கிறியளாக்கா? ரூம்ல இன்னும் மூணு பேரு இருக்காங்க.”

அவர்களும் மேஜையில்தான் நிற்கிறார்களா என்று கேட்டேன். இரண்டு பேர் நிற்பதாகச் சொன்னார். கடைக்குத் திரும்பிப் போய் இன்னும் மூன்று வாங்கினேன்.